கருப்பு வெள்ளையில் கிரெயின்: தேரிக்கு ஒன்று, சாரலுக்கு ஒன்று

கருப்பு வெள்ளை ஃபிலிமில் படம் எடுக்க ஆசைப்பட்டு வருகிற பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, எந்த ஃபிலிம் வாங்கட்டும்?" நான் திருப்பிக் கேட்பது, "எந்த ஊர்ல, எந்த நேரத்துல எடுக்கப் போற?" இதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் ஃபிலிம் வாங்கினால் கிரெயின், அதாவது படத்தில் மணல் தூவின மாதிரி தெரிகிற புள்ளிகள், அதன் இஷ்டத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் கூப்பிட்ட இடத்தில், கூப்பிட்ட அளவுக்கு அது வர வேண்டும். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டூடியோ இருட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பேப்பர் கட்டுக்கட்டாக வந்த காலம். அங்கே முழு வேலையுமே கிரெயினைக் குறைப்பதுதான். கல்யாணப் பொண்ணு முகத்தில் புள்ளி தெரியக் கூடாது. எதனால் கூடுகிறது என்று தெரிந்தால்தானே குறைக்க முடியும்? அந்தக் கணக்கை அப்படியே திருப்பிப் போட்டால் கிரெயினைக் கூட்டும் வழி கிடைத்துவிடும்.

ஃபிலிமின் மேல் பூசியிருக்கிற ஜெலட்டினில் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. வெளிச்சம் பட்ட படிகங்களை டெவலப்பர் கருப்பு வெள்ளியாக மாற்றுகிறது. தனிப் படிகம் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் கொத்துகளும், அவற்றுக்கு இடையே இருக்கும் இடைவெளிகளும் சேர்ந்துதான் நமக்குக் கிரெயினாகத் தெரிகின்றன. வேகமான ஃபிலிமில், அதாவது கொஞ்ச வெளிச்சமே போதும் என்கிற ஃபிலிமில், படிகம் பெரிது, அதனால் கொத்தும் பெரிது. அந்த வேகத்தைக் குறிக்கிற எண்தான் ஐஎஸ்ஓ. ஐஎஸ்ஓ 400 ஃபிலிமில் 100-ஐ விடக் கிரெயின் கூடுதலாகத் தெரிவது இதனால்தான். டி-மேக்ஸ், டெல்டா போன்ற ஃபிலிம்களில் படிகத்தைத் தட்டையான தகடு வடிவில் செய்திருப்பார்கள், அதே வேகத்தில் கிரெயின் குறைவாக வரும். ட்ரை-எக்ஸ், ஹெச்பி5 பிளஸ், எஃப்பி4 பிளஸ் எல்லாம் பழைய பாணிப் படிகம். மனநிலைக்காகக் கிரெயின் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தப் பழைய பாணி ஃபிலிம்களைத்தான்.

இனி சொல்வதுதான் முக்கியம். பிரிண்டில் நல்ல வெள்ளையாக இருக்கும் இடத்தில் கிரெயின் தெரியாது. அடர் கருப்பிலும் தெரியாது. நடுவே இருக்கிற சாம்பலில்தான், அதுவும் உருவம் எதுவும் இல்லாத வெறும் சாம்பலில்தான், அது முழுசாகத் தெரியும். ஆகவே கிரெயினைத் தீர்மானிப்பது ஃபிலிம் டப்பா மட்டுமில்லை. படத்தில் எந்தப் பகுதி சாம்பலாக விழுகிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. லென்ஸ் முன்னால் மாட்டுகிற நிறக் கண்ணாடியான ஃபில்டரும், ஃபிலிமில் விழவிடுகிற வெளிச்ச அளவான எக்ஸ்போஷரும் வைத்து அதை நீங்கள் மாற்றலாம்.

தேரியில் வைத்துப் பார்ப்போம்

திசையன்விளைப் பக்கம் செம்மண் தேரிக்கு, அதாவது சிவந்த மணல்மேட்டுக்குப் போங்கள். வடகிழக்கே குதிரைமொழித் தேரி வரை இந்தச் சிவப்புதான். மேலே நீல வானம், கீழே சிவந்த மணல், நடுவில் பனை. கருப்பு வெள்ளை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் நம் சீமையில் கிடையாது. மூன்று நிறமும் மூன்று ஃபில்டருக்கு மூன்று விதமாகப் பேசும்.

சிவப்பு ஃபில்டர் போட்டால் மணல் வெளுத்துவிடும், கிட்டத்தட்ட கடற்கரை மணல் மாதிரி. நீல வானம் அடர் சாம்பலாக இறங்கும். பனை ஓலை கருக்கும். நிழலில் விழுவது பெரும்பாலும் வானத்து நீல வெளிச்சம் என்பதால் நிழலும் கூடுதலாகக் கருக்கும். இப்போது சாம்பல் எங்கே இருக்கிறது? வானத்தில். எனவே கிரெயினும் வானத்தில்தான் வந்து நிற்கும், மணல் சுத்தமாக இருக்கும். ஆள் நடமாட்டமில்லாத உச்சிவெயிலின் கடுமையை, அந்த வானம் அழுத்துகிற அழுத்தத்தைக் காட்ட வேண்டுமென்றால் இதைச் செய்யுங்கள்.

மஞ்சள் ஃபில்டரோடு மட்டும் எடுத்தால் வானம் வெளிர் சாம்பல், மணல் நடுச் சாம்பல். கிரெயின் மணலுக்கு இறங்கிவிடும். காற்று மணலில் போட்ட வரிவரியான மடிப்பு, அதன் மேல் கிரெயின். மணல் அசைகிற மாதிரி இருக்கும். வைகாசி, ஆனியில் மேலைக்காற்று பிடித்துத் தூசி கிளம்பும்போது நான் எடுப்பது இப்படித்தான். பச்சை ஃபில்டர் போட்டால் மணல் நன்றாக இருண்டு, வெயில் இருந்தும் பொழுது சாய்ந்த மாதிரி ஒரு பாரம் வந்துவிடும். எனக்கு அது கொஞ்சம் கூடுதல் நாடகமாகத் தோன்றும், ஆனாலும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

எக்ஸ்போஷர் கணக்கு எளிது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப்16, ஷட்டர் 1/500 நொடி. வெளிச்சத்தை இரண்டு மடங்காக்குவது ஒரு ஸ்டாப் கூட்டுவது, பாதியாக்குவது ஒரு ஸ்டாப் குறைப்பது. மஞ்சள் ஃபில்டருக்கு ஒரு ஸ்டாப், ஆரஞ்சுக்கு இரண்டு, அடர் சிவப்புக்கு மூன்று ஸ்டாப் கூட்ட வேண்டும். சிவப்பு என்றால் எஃப்8, 1/250. தேரியில் லென்ஸ் மாற்றாதீர்கள். ஃபிலிம் மாற்ற வேண்டுமென்றால் பனங்காட்டுக்குள் குடிசை ஏதாவது இருந்தால் அதற்குள் போய் மாற்றுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனால் போதும், ரோல் முழுக்க நெட்டுக்குக் கோடு விழும்.

பதநீர் காலத்தில் பனையேறுகிறவரை எடுக்கப் போனால் விடியும் முன்பே அங்கே இருங்கள். வெயில் ஏறின பிறகு போய், "அண்ணாச்சி, இன்னொரு தடவை ஏறுங்க" என்று கேட்பது நியாயமில்லை. அவருக்கு ஏற வேண்டிய மரம் இன்னும் எத்தனையோ இருக்கும். பாளை சீவும் கை, இடுப்பில் தொங்கும் பெட்டி, உட்புறம் சுண்ணாம்பு தடவின கலயம், இவை எல்லாம் கீழிருந்து பார்த்தால் வானத்துக்கு எதிரே வெறும் நிழலுருவம். வெளிச்சம் அளக்கிற மீட்டரை விடிகாலை வானத்துக்கு வைத்து அப்படியே எடுத்தால் வானம் நடுச் சாம்பலாகி, கிரெயின் முழுவதும் வானத்தில் பரவும், ஆள் கருப்பாக உறுதியாக நிற்பார். ஒரு ஸ்டாப் கூட்டினால் வானம் வெளுத்துக் கிரெயின் குறையும், கையில் இருக்கிற அரிவாள் துல்லியமாகும். முதலாவதில் தனிமை இருக்கும், இரண்டாவதில் வேலை இருக்கும். எது வேண்டும் என்று ஷட்டரை அழுத்தும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சாரலும் பொதிகையும்

ஆனி, ஆடியில் குற்றாலம், பாபநாசம் பக்கம் மேகம் இறங்கி மலையை மூடுகிறபோது கதை வேறு. சாரல் நேரத்துப் படம் முழுக்கவே வெளிர் சாம்பல். கேமரா மீட்டர் அதை நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். அப்படியே விட்டால் மேகம் புகை மாதிரி அழுக்காகிவிடும். ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். அதற்கு மேல் கூட்டினால் மேகம் வெறும் காகிதமாகிவிடும், அதில் கிரெயினும் இருக்காது, மேகமும் இருக்காது. அந்த ஒரு ஸ்டாப்பில்தான் மேகத்துக்கு உடம்பு வருகிறது. நேரில் தொட முடியாத ஒன்றுக்குப் படத்தில் ஒரு தொடுகை கிடைப்பது கிரெயினால்தான். சுத்தமான டிஜிட்டல் படத்தில் சாரல் வழவழவென்று ஒன்றுமில்லாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெயில் நாளில் அம்பாசமுத்திரத்திலிருந்து பொதிகையைப் பார்த்தால் தெரிகிற நீல மங்கலைச் சிவப்பு, ஆரஞ்சு ஃபில்டர் நன்றாக வெட்டும், மலையின் மடிப்புகள் தெளியும். ஆனால் மேக மூட்டத்தை எந்த ஃபில்டரும் வெட்டாது. நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கின்றன. எனவே சாரலில் ஃபில்டரைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள், வெளிச்சமாவது மிஞ்சும். மலை ஒன்றன்பின் ஒன்றாக மங்கிக்கொண்டே போவது வேண்டுமென்றால் வெயில் நாளிலும் ஃபில்டர் வேண்டாம்.

முகமும் கல்லும்

பாம்படம் என்கிற கனத்த தங்கக் காதணி போட்ட ஆச்சிகள் நம் ஊர்களில் குறைந்துகொண்டே வருகிறார்கள். இருக்கிறவர்களைக் கேட்டுப் படம் எடுத்து வையுங்கள். கதவோரம் உட்காரவைத்து, தெருவிலிருந்து வருகிற வெளிச்சம் ஒரு பக்கமாக விழுகிற மாதிரி எடுங்கள். இங்கே கேமரா மீட்டரை நம்பக் கூடாது. அது எந்த முகத்தையும் 18 சதவீதச் சாம்பலாக்கிவிடும். கருத்த தோல் அப்படி வெளுத்து வந்தால் அது அந்த ஆச்சி இல்லை. முகத்துக்குப் பக்கத்தில் போய் அளந்து, அரை முதல் ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். முகம் அடர் சாம்பலில் விழும், சுருக்கங்களின் மேடு மட்டும் வெளிச்சம் வாங்கும், தங்கம் பளிச்சென்று நிற்கும். கிரெயின் இங்கே மிதமாக இருந்தால் போதும். சுருக்கமே ஒரு எழுத்து. அதன் மேல் இன்னொன்றை எழுத வேண்டியதில்லை. எஃப்பி4 பிளஸ் இருந்தால் அது, இல்லையென்றால் ஹெச்பி5 பிளஸ்ஸை 400-லேயே வைத்து.

கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் சிற்பங்களுக்கு, அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும், கிரெயினே வேண்டாம். உளி நுனி போன தடம், நகத்தின் வளைவு எல்லாம் கல்லிலேயே இருக்கின்றன. 100 ஃபிலிம், முக்காலி, பொறுமை. அவ்வளவுதான்.

டெவலப்பரில் செய்வது

ஸ்டூடியோவில் நாங்கள் கலந்தது டி-76. கோடாக் 1927-ல் வெளியிட்டது, இன்றும் அளவுகோல் இதுதான். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். ஏறக்குறைய 50 டிகிரி சூட்டில் முக்கால் லிட்டர் தண்ணீர் எடுத்து, முதலில் ஒரு சிட்டிகை சல்பைட், பிறகு மெட்டால், அது முழுக்கக் கரைந்த பிறகு மீதிச் சல்பைட், ஹைட்ரோகுவினோன், போராக்ஸ் என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் குளிர்ந்த தண்ணீர் விட்டு ஒரு லிட்டராக்குங்கள். சல்பைட்டை முழுசாக முதலில் போட்டால் மெட்டால் கரையாது. கையுறை போடாமல் தொடாதீர்கள், மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும். மணக்க மணக்கச் சமைக்கிற அடுப்படியில் இதைக் கலக்கவும் கூடாது. தனி இடம், தனிப் பாத்திரம்.

இதில் 100 கிராம் சல்பைட்தான் கவனிக்க வேண்டிய சங்கதி. அது வெள்ளிப் படிகத்தின் ஓரத்தைக் கொஞ்சம் கரைத்துவிடும். அதனால் கலப்படமில்லாத, அதாவது மேற்கொண்டு தண்ணீர் சேர்க்காத டி-76-ல் கிரெயின் மாவாக, மென்மையாக வரும். ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்தால் சல்பைட்டின் பலம் பாதியாகி, கிரெயின் கூர்மையாகும். 1891-ல் பேடன்ட் வாங்கின ரோடினால் என்ற டெவலப்பரில் இந்தக் கரைக்கும் வேலை அறவே இல்லை. அதை 1-க்கு 50 என்று கலந்தால் கிரெயின் ரவை ரவையாக, ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். தேரிக்கு எனக்கு ரோடினால். சாரலுக்கு ஒன்றுக்கு ஒன்று டி-76. ஆச்சிக்குக் கலப்படமில்லாத டி-76.

ஹெச்பி5 பிளஸ் 400-க்குக் கலப்படமில்லாத டி-76-ல் 20 டிகிரியில் ஏழரை நிமிடம், ரோடினால் 1-க்கு 50-ல் 11 நிமிடம், 1-க்கு 25-ல் 6 நிமிடம். இதே ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்தால் டி-76-ல் 14 நிமிடம் வரை நீட்டலாம். இதைத்தான் புஷ் என்பார்கள். புஷ் செய்தால் கிரெயின் கூடும், கருப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசமான கான்ட்ராஸ்ட்டும் கூடும். நிழலில் பதியாத விவரம் மட்டும் எத்தனை நிமிடம் நீட்டினாலும் வராது. ராத்திரி நெல்லை டவுன் ரதவீதியில் கடை விளக்கு வெளிச்சத்தில் எடுக்கும்போது நிழல் போனாலும் போகட்டும் என்று இருப்பவர்கள் செய்யலாம். ஆனித் தேரோட்டக் கூட்டத்தைப் பகல் வெயிலில் எடுத்துவிட்டு 1600-க்குப் புஷ் செய்வதில் அர்த்தமில்லை. கிரெயின் வரும், ஆனால் வடம் பிடிக்கிறவர்களின் முகம் எல்லாம் கருப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாகிவிடும்.

சரி, 20 டிகிரி தண்ணீருக்குத் திருநெல்வேலியில் எங்கே போவது? சித்திரையில் குழாயைத் திறந்தால் கை சுடுகிறது. ஒரு பெரிய பேசினில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் கட்டிகளை பாலிதீன் பையில் கட்டி அதில் போட்டு, டெவலப்பர், தண்ணீர், படத்தை நிலைக்கவைக்கிற ஹைப்போ மூன்று பாட்டிலையும் அதற்குள் நிற்கவையுங்கள். ஐஸை நேராக டெவலப்பரில் போட்டால் கலவை நீர்த்துப்போகும். 20-க்கு இறங்கவில்லை என்றால் 24-ல் நிறுத்திக்கொண்டு நேரத்தைக் குறையுங்கள். 20 டிகிரியில் பத்து நிமிடம் என்பது 24-ல் ஏறக்குறைய ஏழு. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் டெவலப் சீராக இருக்காது, வானத்தில் திட்டு விழும். அப்போது இன்னும் நீர்த்த கலவைக்கு மாறுங்கள்.

டெவலப்பர் 20, கழுவுகிற தண்ணீர் 33 என்று இருந்தால் ஜெலட்டின் சுருங்கி வெடிப்பு வெடிப்பாகிவிடலாம். அதைப் பார்த்துச் சிலர் 'செம கிரெயின்' என்று சந்தோஷப்படுகிறார்கள். அது கிரெயின் இல்லை, ஃபிலிமுக்கு வந்த காயம். திரும்பவும் அதே மாதிரி வரவைக்கவும் முடியாது. எல்லாத் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கட்டும். போர் தண்ணீர் உள்ள வீடென்றால் கடைசி அலசலுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், உப்புக்கறை விழாது.

எவ்வளவு பெரிதாக்குகிறீர்கள்?

இதை யாரும் யோசிப்பதில்லை. 35 எம்எம் நெகட்டிவை 8-க்கு 12 அங்குலத்தில் பிரிண்ட் போட்டால் கிட்டத்தட்ட எட்டரை மடங்கு பெரிதாகிறது. அதே ஃபிலிமைப் பழைய 120 கேமராவில், 6-க்கு 6 நெகட்டிவில் எடுத்து 8 அங்குலச் சதுரமாகப் போட்டால் மூன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். கிரெயின் பாதிக்கும் கீழே போய்விடும். மாறாக 35 எம்எம்மில் நீளம், அகலம் இரண்டையும் பாதியாக வெட்டி அதே அளவுக்குப் பெரிதாக்கினால் பதினேழு மடங்கு. கிரெயின் வேண்டுமென்றால் தூர நின்று எடுத்து, பிறகு வெட்டுவதும் ஒரு வழி. பனைமரத்தை நான் பலமுறை இப்படிப் பிடித்திருக்கிறேன். கான்ட்ராஸ்ட் கூடின பேப்பரும் கிரெயினைத் தூக்கிக் காட்டும். நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கிற என்லார்ஜரில் ஃபோகஸ் வைக்கும்போது படத்தை விட்டுவிட்டுக் கிரெயினையே பார்த்து வையுங்கள், அதற்கென்றே சின்ன உருப்பெருக்கி கிடைக்கிறது. கிரெயின் கூர்மையாக இல்லாத பிரிண்டில் மனநிலையும் மங்கிப்போகும்.

ஸ்கேன் செய்கிறவர்கள் தூசி நீக்குகிற அகச்சிவப்பு வசதியை அணைத்துவிட வேண்டும். கருப்பு வெள்ளை ஃபிலிமில் உள்ள வெள்ளி அந்தக் கதிரை மறிக்கும். மெஷின் படத்தையே தூசி என்று நினைத்து அழித்துக்கொண்டிருக்கும்.

டிஜிட்டலில் எடுக்கிறவர்களுக்கு

ஃபிலிம் விலையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் செல்போனிலேயே பழகலாம், கோட்பாடு ஒன்றுதான். போன் கைவைக்காத ரா ஃபைலாக எடுங்கள். சென்சாரில் வருகிற புள்ளிகளான நாய்ஸைப் போன் தானாகத் துடைத்த படத்தில் தோல் மெழுகு மாதிரி இருக்கும், அதன் மேல் கிரெயின் போட்டால் ஒட்டாது. ஐஎஸ்ஓவை ஏற்றி நாய்ஸ் வரவைப்பதும் சரிவராது. சென்சார் நாய்ஸ் நிழலில் கூடுதலாகத் தெரியும், ஃபிலிம் கிரெயின் நடுச் சாம்பலில். இரண்டும் தரும் உணர்வு வேறு.

ஃபோட்டோஷாப்பில் நான் செய்வது இது. படத்தைக் கடைசி அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, மேலே 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய ஒரு லேயர் வைத்து, அதன் மோடை ஓவர்லே ஆக்கி, அதில் ஒரே நிற நாய்ஸ் சேர்த்து, அரை பிக்சல் அளவுக்கு மட்டும் மங்கலாக்குவது. ஓவர்லே மோடில் நல்ல கருப்பிலும் நல்ல வெள்ளையிலும் நாய்ஸ் தானாக அடங்கி, நடுச் சாம்பலில் மட்டும் எழும்பும், ஃபிலிமைப் போலவே. லைட்ரூமில் அமௌன்ட், சைஸ், ரஃப்னெஸ் என்று மூன்று இருக்கும். முதலில் சைஸைத் தீர்மானித்துவிட்டு அமௌன்டுக்குப் போங்கள். கிரெயின் போட்ட பிறகு ஷார்ப்பன் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருக்கும்போது கிரெயின் கட்டம் கட்டமாகக் கலைந்துவிடும்.

பழகுவதற்கு ஒரே ஒரு ரோல் போதும். சாயங்காலம் தேரிக்கோ ஆற்றங்கரைக்கோ போய், ஒரே காட்சியை ஃபில்டர் இல்லாமல், மஞ்சளில், சிவப்பில், ஒரு ஸ்டாப் கூட்டி, ஒரு ஸ்டாப் குறைத்து என்று எடுங்கள். ரோலின் பின்பாதியிலும் அதையே திரும்ப எடுங்கள். இருட்டில் ரோலை நடுவில் வெட்டி, ஒரு பாதியை டி-76-லும் மறுபாதியை ரோடினாலிலும் டெவலப் செய்யுங்கள். நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் ஃபில்டர், அப்பர்ச்சர், ஷட்டர், டெவலப்பர் சூடு, நிமிடம் எல்லாம் எழுதிவிடுங்கள். பிரிண்டுகளைச் சுவரில் ஒட்டி, முதலில் ஆறடி தள்ளி நின்று பாருங்கள், அப்புறம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். எந்தப் பிரிண்டில் கிரெயின் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பென்சிலால் அதன் ஓரத்தில் குறித்துவைத்தால், அடுத்த ரோல் வாங்கும்போது கடையில் எதைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.